அடியில் எழுதியிருந்த பதில்

பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த உங்களில் ஒருவர் கேட்டாராம்: மற்ற முறைப்பாடுகள் எல்லாம் ஒரு கிழமை, மிஞ்சினால் ஒரு மாதத்தில் மூடப்பட்டிருக்க, தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்வெடிப்பு முறைப்பாடு மட்டும் ஏன் நான்கு வருடம் திறந்தே கிடந்தது, அந்த மிஸ் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாரா என்று. ஓய்வுபெற்றவளுக்குக் காது கொஞ்சம் நீளம், கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிட்டது, கேட்டது நியாயமான கேள்விதான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக அதற்குப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள். தோட்டக் குடியிருப்புகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் நம் கந்தோர் அப்போது பதுளையில், ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால், தண்ணீர்க் குழாய் உடைந்தால், மண் சரிந்தால் தோட்டத்துக் கந்தோர்களிலிருந்து எங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் கம்ப்யூட்டர் ஓர் இலக்கம் கொடுக்கும். நீங்கள் டிக்கெட் என்கிறீர்களே, அதுதான். அந்த இலக்கத்தின் கீழ் கேள்வி, பதில், வேலை எல்லாம் வரிசையாகச் சேரும். வேலை முடிந்தால் மூடுவோம்.

இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. கம்ப்யூட்டர் முதலில் கீச்சென்று கத்தும், பிறகு இருமும், பிறகு அமைதியாகிவிடும். அதன்பின் திரையில் ஒரு சின்ன நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர ஆரம்பிக்கும். கோடு முழுதாக நிரம்பினால் ஒரு கடிதம் வந்துவிட்டது என்று அர்த்தம். அது ஊரும் நேரத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர் மலையில் மூடுபனி இறங்கும். முதலில் சவுக்கு மரங்கள் போகும், பிறகு தேயிலை போகும், கடைசியில் மலையே இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் யாரோ போர்வையை இழுத்த மாதிரி எல்லாம் திரும்பி வரும். அதைப் பார்த்தபடி நான் எங்கேயோ போய்விடுவேன். கந்தோரில் எனக்குக் கனவுக்காரி என்று பெயர். என் எதிரிலேயே சொல்வார்கள்.

எங்கள் பொறுப்பதிகாரி, சேர் என்றே கூப்பிடுவோம், யாழ்ப்பாணத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மேசையில் ஒரு பொருளை எடுத்துவைப்பதுபோல ஒரு வசனம் வைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் அப்புத்தளைப் பக்கமிருந்து ஒரு குழாயடிச் சங்கதி வந்தது. குழாய் சொட்டுகிறது, ஆள் அனுப்புகிறோம், ஆள் வரவில்லை, வருவார், வந்தார், சாமான் கொண்டுவரவில்லை என்று மாறி மாறி எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் முன்னைய கடிதங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நீண்டுவிட்டன. கடைசிப் பதில் “சொட்டு நின்றுவிட்டது” என்ற ஒரே வரி. அதை அச்செடுக்கப் போனால் தாள் வந்துகொண்டே இருக்கிறது, நிற்கிற பாடாக இல்லை. சேர் வந்து அந்தத் தாள் குவியலைப் பார்த்தார்.

“பிள்ளை, இந்த வாலை ஒருக்கா வெட்டிவிடும். மனிசர் புதுசா எழுதினது மட்டும் தெரிஞ்சாக் காணும்,” என்றார்.

வாலை வெட்டினேன். பதில் ஒன்று வந்தால், பழைய கடிதம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை எல்லாம் மறைத்துவிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். திரை சுத்தமானது, பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் யாரும் கேட்காத இன்னொன்றையும் செய்தேன். வெட்டியபின் மேலே ஒன்றும் மிஞ்சாவிட்டால், அந்தப் பதிலில் சொல்ல எதுவுமில்லை என்றுதானே பொருள்? அப்படிப்பட்ட முறைப்பாட்டைத் தானாக மூடி, “உங்கள் முறைப்பாடு மூடப்பட்டது. நன்றி” என்று ஒரு கடிதமும் தானாக அனுப்பும்படி வைத்தேன். இந்த இரண்டாவது யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. இதை மறக்காமல் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது தோட்டத்துக் கந்தோர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். துரையிடமிருந்தோ மேலிடத்திலிருந்தோ கேள்விகளோடு ஒரு தாள் வந்தால், அதே தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் பதிலை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். தாளின் மேற்பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் அங்கே பேனா வைக்கமாட்டார்கள். பெரியவர்கள் எழுதியதற்கு மேலே எழுதுவது அவர்களுக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருகிற மாதிரி. பரம்பரையாக வந்த மரியாதை. தாள் போய் மின்னஞ்சல் வந்தபோது, அந்த மரியாதையும் அதனோடு கூடவே வந்தது. நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா லயத்திலிருந்து வந்தவர் என்றாலும் தோட்டத்துக் கந்தோருக்குள் கால் வைத்துப் பழக்கமில்லை. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்புத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். நான் ஐந்து கேள்விகள் அனுப்பினேன். எப்போதிருந்து, எவ்வளவு அகலம், மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் என்ன நிறம், எத்தனை குடும்பம், ஒதுங்க வேறு இடம் உண்டா. அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை பார்த்தபோது அந்த இலக்கம் மூடப்பட்டவற்றின் பட்டியலில் இருந்தது. அப்பாடா, பெரிதாக ஒன்றும் இல்லைபோல என்று நினைத்தேன். ஆமாம், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை மழை இன்னும் விடவில்லை. சேர் கூட்டத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர் கத்தி, இருமி, அமைதியாகி, ஒரு கடிதத்தை இழுக்க ஆரம்பித்தது. நீலக் கோடு ஊர்ந்தது. நான் வழக்கம்போல யன்னலைப் பார்த்தேன். பனி இறங்கியது. சவுக்கு போயிற்று, தேயிலை போயிற்று, மலை போயிற்று. திரும்பிப் பார்த்தால் கோடு பாதியில்தான் நிற்கிறது. மறுபடி யன்னல். மலை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மறுபடி கோடு. கடைசியில் நிரம்பியது. தெமோதரைப் பெரிய கிளாக்கரின் பதில். திறந்தேன். வெறுமை. ஒரு எழுத்து இல்லை. கண் முன்னாலேயே கம்ப்யூட்டர் அந்த முறைப்பாட்டை மூடி, நன்றி சொல்லி அனுப்பியும் விட்டது.

ஒரு மலை மறைந்து திரும்பி வரும் அளவு நேரம் ஏறிவந்த கடிதத்துக்குள் எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்? அதைத்தான் முதலில் யோசித்தேன். புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் தோன்றியது. பட்டியலைப் பார்த்தேன். அந்த இலக்கம் மூன்று நாட்களில் மூன்று முறை திறந்து மூன்று முறை மூடியிருந்தது. ஒரு மனிதர் வேலை மெனக்கெட்டு மூன்று முறை வெறும் கடிதம் அனுப்புவாரா? கம்ப்யூட்டரிலேயே, வெட்டப்படாத மூலக்கடிதங்கள் கிடக்கும் பெட்டியைத் திறந்தேன்.

அவர் எல்லாம் எழுதியிருந்தார். என் ஒவ்வொரு கேள்விக்கும் அடியில், ஆங்கில எழுத்தில் தமிழை உடைத்து உடைத்து எழுதியிருந்தார். நம் எழுத்தில் அது இப்படி வரும். எப்போதிருந்து? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. எவ்வளவு அகலம்? நேற்று விரல் போயிற்று, இன்று கை போகிறது. பீலித் தண்ணீர்? கலங்கல், சேற்று நிறம். எத்தனை குடும்பம்? பன்னிரண்டு, கைக்குழந்தை மூன்று, ஒரு பிள்ளை மாசமாக இருக்கிறது. வேறு இடம்? பழைய ஸ்டோர் உண்டு, அது உங்கள் பொறுப்பில் இருப்பதால் உத்தரவில்லாமல் திறக்க முடியாது, தயவுசெய்து உத்தரவு தரவும்.

பழைய ஸ்டோர் என்பது மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை. எங்கள் கூரைத் தகரங்களை அடுக்கிவைக்க அதை வாங்கிப் பூட்டி முத்திரை போட்டிருந்தோம். சாவி தோட்டத்தில், அனுமதி எங்களிடம். மூன்று முறையும் அவர் கேட்டது அந்த அனுமதியைத்தான். மூன்று முறையும் அவருக்குப் போன பதில், மூடப்பட்டது, நன்றி.

தோட்டத்துத் தொலைபேசிக்கு அடித்தேன், மணி போகவே இல்லை. மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் எங்களிடமிருந்து போன மூன்றைப் பார்த்த மனிதர் நாலாவதைத் திறக்க அவசரப்படுவாரா? கொழும்புக்கு அடித்தால் சேர் கூட்டத்துக்குள் இருக்கிறார், கூப்பிட முடியாது என்றார் தொலைபேசி எடுத்த பெண். ஸ்டோரைத் திறக்க உத்தரவிடும் அதிகாரம் எனக்கு இல்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு செய்தி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

“நான் தெமோதரைக்குப் போய் ஸ்டோரத் தெறக்கச் சொல்லப் போறேன். வேணாம்னா அப்புறமா சேர் என்னை ஏசட்டும்னு சொல்லுங்க.”

தெரு வழியில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது என்றார்கள். ரயிலைப் பிடித்தேன். தெமோதரை நிலையம் உங்களுக்குத் தெரியும். பதுளையிலிருந்து ஏறும் ரயில் முதலில் அந்த நிலையத்துக்கு நேர் அடியில் குகைக்குள் நுழையும், பிறகு மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் மேலே நிலையத்துக்கு வந்து நிற்கும். எத்தனையோ முறை அதை ஆசையோடு பார்த்திருக்கிறேன். அன்று, நான் இறங்கவேண்டிய இடம் என் தலைக்கு மேலே இருக்கிறது, ரயில் தன் பாட்டுக்குப் பனிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் யாரோ பட்டாணிக்கடலை தின்றுகொண்டு சிரித்துப் பேசினார்கள். உலகம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அழுகை வந்தது. வெளியே வெள்ளைப் பனி தவிர எதுவும் இல்லை. நான் ஏற்கெனவே பிந்திவிட்டேன், இது அப்புறம் நினைவில் வரப்போகும் ரயில் என்றுகூடத் தோன்றியது.

தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட பழைய கோட்டு, நனைந்த கால்சட்டை. மேசையில் ஒரு கோப்பு. எங்கள் மூன்று நன்றிக் கடிதங்களையும் அச்செடுத்து, ஓட்டை போட்டு, ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தார்.

“மூணு தடவ கேட்டுட்டேன் மிஸ். முடியாதுன்னு பதில் வந்திருச்சு. கைக்கொழந்தைக் காரங்கள மட்டும் என் வீட்டுல வச்சிருக்கேன். மத்தவங்கள எங்க கொண்டுபோறதுன்னு தெரியலிங்க,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் எழுதினதுல ஏதும் பெழையிருக்குங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

“கம்ப்யூட்டர் வெட்டிருச்சுங்க. பதில மேல எழுதணும், கீழ எழுதினா அது எடுக்காது,” என்றேன்.

“மேலயா? நீங்க எழுதினதுக்கு மேலயா?” அவர் முகம் சுருங்கியது. “அது மரியாதையா இருக்காதுங்களே மிஸ்.”

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஸ்டோரைத் திறக்கச் சொன்னேன். எழுத்தில் தந்தால் நல்லது என்றார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்து, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, சாவியை எடுத்தார். என் கையெழுத்துக்கு அந்த உத்தரவு போடும் உரிமை இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மேல் லயத்துக்கு ஏறினோம். மழைக்குள் சனங்கள் சாமான்களை இறக்கினார்கள். கோழிக்கூடை, அரிசி டின், ஒரு தையல் மெசின், மெழுகுச்சீலையில் சுற்றிய மாதா சுரூபம். அந்த மாதாவைச் சுமந்து வந்தவர் மேரி அக்கா, கொழுந்து பறிக்கிறவர். மாசமாக இருந்த பிள்ளை அவருடைய மகள். வெடிப்பைக் காட்டச் சொன்னேன். லயத்தின் பின்சுவரிலிருந்து பத்து எட்டுத் தூரம் இருக்கும். என் கை முழங்கை வரை போயிற்று. உள்ளே குளிர்ந்த காற்று வந்தது.

ஸ்டோர் வாசலில் மேரி அக்கா நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, கிளாக்கரைப் பார்த்தார்.

“இப்ப தெறக்கலாம்னா, மூணு நாளா முடியாதுன்னு சொன்னது யாருங்கய்யா?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் காது கொடுத்தார்கள். கிளாக்கர் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். நான் குனிந்து செருப்பிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரும் முடியாதுன்னு சொல்லல. நான்தான் எழுதக்கூடாத எடத்துல எழுதிட்டேன்,” என்றார் அவர்.

அடுத்த நாள் காலை பத்து மணி போல, எல்லோரும் கொழுந்து மலையில் நிற்கும்போது, பெரிய லொறி ஒன்று கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டதாம். மேல் லயத்தில் இரண்டு காம்பரா அறைகளின் முன்சுவர் மட்டும் நின்றது. மற்றதெல்லாம் சிவப்பு மண். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பதுளையில் செய்தி கேட்டதும் நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது கந்தோரில் எல்லோரும் கை தட்டினார்கள். கனவுக்காரி பன்னிரண்டு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்றார்கள். அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்கொண்டேன்.

சேர் கொழும்பிலிருந்து வந்து எல்லாக் கடிதத்தையும் அடிவரை வாசித்தார். என்னைக் கூப்பிட்டார்.

“கிளாக்கர் எழுதினதை ஆர் வெட்டினது?”

“கம்ப்யூட்டர் வெட்டிருச்சு சேர்.”

“கம்ப்யூட்டருக்கு ஆர் சொன்னது?”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வாலை வெட்டச் சொன்னது நான். அதை நான் கொழும்புக்கு எழுதிறன். வெறும் பதிலைப் பூட்டச் சொல்லி நான் சொல்லேல்லை. அதை நீர் அந்தக் கிளாக்கருக்குச் சொல்லும்.”

ஸ்டோரைத் திறந்ததற்கு அவர் என்னை ஏசவே இல்லை. அதைப் பற்றிப் பேச்சும் எடுக்கவில்லை. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே செய்யவேண்டியதை எல்லாம் செய்தேன், அந்த ஒன்றைத் தவிர. நீங்கள் இன்று பார்க்கும் மாற்றங்கள் எல்லாம் அந்தக் கிழமையில் வந்தவை. வெட்டியது எதுவும் மறையாது, ‘வெட்டியதைக் காட்டு’ என்ற பொத்தானை அழுத்தினால் வரும். வெறும் பதில் வந்தால் மூடாது, சிவப்பில் நிற்கும், ஒரு மனிதர் திறந்து பார்த்தே ஆகவேண்டும். முறைப்பாடு செய்தவர் சரி என்று சொல்லாமல் ஒன்றையும் மூடக்கூடாது. சிவப்பு அதிகம் என்று நீங்கள் சலித்துக்கொள்வதும் என் காதுக்கு வந்தது. சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் திறந்து பாருங்கள்.

மண்வெடிப்பு முறைப்பாட்டை நான் மறுபடி திறந்துவைத்தேன். மூடவேண்டுமானால் கிளாக்கரிடம் கேட்கவேண்டும். கேட்க வேண்டுமானால் உண்மையைச் சொல்லவேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அவரிடமிருந்து பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கூரைக்கு, குழாய்க்கு, புதிய லயத்துக்கு. ஒவ்வொன்றும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கும்: “மிஸ், மன்னிக்கவும், மேலேதான் எழுதியிருக்கிறேன்.” நான்கு வருடம், ஒரு கடிதம் தவறாமல். நான் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் கீழே உள்ளதை எல்லாம் வெட்டிவிட்டு அந்த வரியை மட்டும் பத்திரமாக என் முன்னால் கொண்டுவந்து வைக்கும். வாசிக்கும்போதெல்லாம் குத்தும். இடையில் ஒரு தடவை, களத்துக்குப் போய்வந்த நம் ஆள் ஒருவர் வேடிக்கைபோலச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் இப்போதும் மழை வந்தால் சனங்கள், கிளாக்கரு எடம் மாத்தி எழுதி நம்மள மண்ணுக்குள்ள அனுப்பப் பாத்தாருல்ல என்று பேசிக்கொள்வார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாப்பாட்டை மூடிவைத்தேன். என் பெயரைக் காப்பாற்ற அவர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் அவரிடம் கேட்காமல்.

ஒருநாள் அவர் எழுதினார்: மன்னிக்கவும், மேலேதான் எழுதியிருக்கிறேன், இந்த மாதக் கடைசியோடு எனக்கு ஓய்வு, இதுவரை செய்த உதவிக்கு நன்றி.

பழைய மண்வெடிப்பு முறைப்பாட்டைத் திறந்தேன். பதில் எழுதும் பொத்தானை அழுத்தினேன். மேலே எழுதும் இடம் வெறுமையாகக் கண்ணைச் சிமிட்டியது. அங்கே எழுத மனம் வரவில்லை. கீழே இறங்கினேன். என் ஐந்து கேள்விகள், அவருடைய ஐந்து பதில்கள், ‘கை போகிறது’, ‘கலங்கல்’, ‘உத்தரவு தரவும்’. எல்லாவற்றுக்கும் அடியில், அவர் எழுதி முடித்த இடத்துக்குக் கீழே எழுதினேன். உங்கள் பதிலை வெட்டியது கம்ப்யூட்டர் இல்லை, நான். வெறும் பதிலை மூடச் சொன்னதும் நான். நீங்கள் எழுதவேண்டிய இடத்தில்தான் எழுதினீர்கள், பிழை உங்களுடையது இல்லை. ஸ்டோர் வாசலில் மேரி அக்கா கேட்டபோது நான் சொல்லியிருக்கவேண்டும், பயத்தில் சொல்லவில்லை. இதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். மேலே ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். அடிவரை வாசிக்கிற மனிதர் அவர் என்று எனக்குத் தெரியும்.

நான்கு நாள் பதில் இல்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி வந்தது, போயிற்று. சனங்கள் முன்னால் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து வாசிக்கும் ஒரு மனிதர் அந்தப் பனிக்குள் தெரிவது போலவும், வாசிக்காமல் கிழித்துப் போடுவது போலவும் மாறி மாறித் தோன்றியது. ஐந்தாம் நாள் காலை நீலக் கோடு ஊர்ந்தது. அதே இலக்கம். திறந்தேன். மேலே வெறுமை. திரையில் சிவப்பு. கோபத்தில் வெறும் கடிதம் அனுப்பிவிட்டார் என்றே ஒரு கணம் நினைத்தேன். பிறகு புத்தி வந்து, ‘வெட்டியதைக் காட்டு’ பொத்தானை அழுத்தினேன்.

எல்லாவற்றுக்கும் அடியில், நான் எழுதியதற்குக் கீழே, இது இருந்தது:

“மிஸ், நீங்கள் எழுதியதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நின்றபோது வாசித்துக் காட்டினேன். மேரி அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்புறம் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் மேரி அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, ‘நான் அன்னைக்கு கேட்டது தப்புங்கய்யா’ என்று சொன்னார். எனக்கும் ஒரு வார்த்தை உண்டு. நாலு வருசமாக மேலே எழுதும்போதெல்லாம் கை கூசியது. இன்றைக்குத்தான் என் இடத்தில் எழுதுகிறேன். பன்னிரண்டு குடும்பமும் சுகம். இதை மூடிவிடுங்கள்.”

மூடினேன். அதற்குத்தான் நான்கு வருடம் எடுத்தது.